காஞ்சிபுரம் வேனில் ஒரு சீட்

ஜனவரி 31, சனி

காலையில் பனி. மாடியில் போட்ட துணி மதியம் வரை ஈரம். கேஸ் வந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்தேன், சம்பந்தியம்மா சாப்பிட வருகிறார் என்று.

வந்தார். கோவிலம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில். என் மருமகள் லதாவின் அம்மா, ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். இந்த டைரியில் இனி ச.அ. என்றுதான் எழுதப் போகிறேன். முழுசாக எழுதி இங்க் செலவு பண்ணுவானேன்.

விஷயம் இது. பேத்தி நிவி பிசியோதெரபி காலேஜில் பாடம் நடத்துகிறாள். (எங்கள் குடும்பத்தில் காலேஜில் நின்று பாடம் நடத்தும் முதல் ஆள். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.) வரும் வெள்ளி, சனி அங்கே மாநாடு. டெல்லி, கல்கத்தா, பினாங்கு என்று எங்கிருந்தோ எல்லாம் டாக்டர்கள். ஞாயிறு அவர்களைக் காஞ்சிபுரம் அழைத்துப் போக ஒரு வேன். ஊர் காட்டுகிற பொறுப்பு நிவிக்கு.

சாப்பிடும்போது சொன்னாள். "வேன்ல ஒரு சீட் மிச்சம் இருக்கு. ஊர் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் கூட வந்தா நல்லா இருக்கும். ஆயா, பாட்டி, யார் வர்றீங்க?"

நான் ஆயா. அவர் பாட்டி.

காஞ்சிபுரம் நான் பிறந்த ஊர். பிள்ளையார்பாளையம். ஐந்தாவது வரை படித்ததும் அங்கேதான். ஆக அந்த சீட் என்னுடையது, அதில் பேச்சே இல்லை. ஆனாலும் எடுத்த எடுப்பில் நான் வரேன் என்று சொல்லிவிட முடியுமா. முறை என்று ஒன்று இருக்கிறதே.

"சம்பந்தியம்மா போகட்டும். படிச்சவங்க, இங்கிலீஷ் பேசுவாங்க. எனக்கு முட்டி வேற வலிக்குது" என்றேன்.

இதற்கு அவர் சொல்ல வேண்டியது: "ஐயோ, அது உங்க ஊருங்க, நீங்க போறதுதான் சரி." நான் மறுபடி வேண்டாம் என்பேன். அவர் மறுபடி சொல்வார். மூன்றாம் தடவை, இவ்வளவு சொல்றீங்களே, சரி என்பேன். இதுதானே உலக வழக்கம்.

அவர் சொன்னது: "அப்படியா? சரி நிவி, நான் வரேன்."

சொல்லிவிட்டு ரசம் கேட்டார். ஊற்றினேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நல்ல வெயில். துணி காய்ந்தது. அது ஒன்றுதான் இன்று நடந்த நல்லது.

யோசித்துப் பார்த்தால் ச.அ. எப்போதும் இப்படித்தான். அவர் வீட்டில் "இன்னொரு தோசை போடவா?" என்பார். "போதும்" என்று மரியாதைக்குச் சொன்னால் அடுப்பை அணைத்துவிடுவார். போன பொங்கலுக்கு அங்கே விருந்துக்குப் போய்ப் பசியோடு திரும்பினேன். மேடவாக்கம் கூட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி பஜ்ஜி தின்றேன். என் பிள்ளை கேட்டான், "விருந்து சாப்பிட்டுத்தானேம்மா வர்ற?" காலமெல்லாம் வகுப்பில் "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்" என்றே கேட்டுப் பழகிய காது. சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

சாயந்திரம் நிவி பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, காலைக் காட்டு."

"எதுக்கு?"

"முட்டி வலின்னியே. என்கிட்ட ஏன் சொல்லல? ஊர்க் காலெல்லாம் பாக்குறேன், வீட்டுக் கால பாக்கல. எந்தக் கால்?"

யோசிக்காமல் வலது என்றேன். மடக்கினாள், நீட்டினாள், கட்டை விரலால் சுற்றிச் சுற்றி அழுத்தினாள். "இங்க வலிக்குதா? இங்க?" எல்லாவற்றுக்கும் ஆமாம்.

"வீக்கம் ஒண்ணும் இல்லையே" என்றாள். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அழுத்து, விடு, அழுத்து, விடு. காலையும் மாலையும் செய்ய வேண்டுமாம். மாடிப்படி ஏறக் கூடாதாம். அப்படியானால் துணி? லதா காயப்போடுவாளாம்.

வேனும் போச்சு, மொட்டை மாடியும் போச்சு.

பிப்ரவரி 3, செவ்வாய்

பால்காரர் வரவில்லை. துண்டை அழுத்தினேன், விட்டேன்.

நிவி வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கிறாள். எங்கே என்ன பார்க்கலாம், எதில் ஏமாறக் கூடாது, உள்ளூர்க்காரர் சொல்லும் யோசனை. "ஆயா, உனக்குத் தோணுறதச் சொல்லு" என்று போனை முன்னால் வைத்தாள். சொன்னேன்.

– சாக்ஸ் கொண்டு வா. கோவிலுக்குள் செருப்பு கிடையாது. பத்து மணிக்கு மேல் கல் சுடும். சாக்ஸ் போட்டால் சாமி கோபிக்காது.

– உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். பிறகு சாயந்திரம்தான். காலையில் எழுந்து வா, இல்லாவிட்டால் பூட்டிய கதவைக் கும்பிட வேண்டியதுதான்.

– ஆட்டோக்காரர் "தறி நெய்யறத பாக்கலாம் வாங்க" என்றால் கடைசியில் புடவைக் கடையில்தான் நிற்கும். பார்ப்பது தப்பில்லை. தொட்டுப் பார்த்தால் மாட்டிக்கொண்டாய்.

– கோவில் இட்லிக்குச் சட்னி கேட்காதே. அதுவே காரம். சூடாக இல்லையே என்றும் சொல்லாதே.

– வழி கேட்டால் இரண்டு பேரிடம் கேள். தெரியாதவனும் வழி சொல்லுவான், தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டான்.

– ரயிலில் வந்தால், தாம்பரம் ஸ்டேஷனில் கிழக்கா மேற்கா என்று கேட்டுவிட்டு இறங்கு. மாறி இறங்கினால் பாலம் ஏறி இறங்கியே அன்றைய பொழுது போகும்.

நிவி சிரித்துச் சிரித்துப் பதிவு பண்ணினாள். "சூப்பர் ஆயா." மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பிறகு அதை ச.அ.வுக்கு அனுப்பினாள். இங்கிலீஷில் எழுதித் தர.

பிப்ரவரி 4, புதன்

மேகம். மழை இல்லை.

ச.அ. மறுபடி வந்தார். கையில் இரண்டு பை. ஒன்றில் முட்டிக்குப் போடும் பட்டை, இழுத்தால் நீளும் துணி. "நான் போட்டுட்டிருந்தது. சுகமா இருக்கும். உங்களுக்கு இப்ப ரொம்ப முடியலன்னு நிவி சொன்னா."

"எதுக்குங்க சிரமம்" என்றேன். மறுபடியும் முறைதான். இந்தத் தடவை "சரி" என்று பையைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரே குனிந்து என் காலில் போட்டுவிட்டார். அவர் குனியும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அரை நிமிஷம். பிறகு சரியாகிவிட்டது.

ஏனென்றால் இன்னொரு பையைத் திறந்தார். புதுச் செருப்பு. சாம்பல் நிறம், மெத்து மெத்தென்று, மேலே ஒட்டுகிற பட்டை. கோவில் கோவிலாகக் கழற்றி மாட்ட வசதியாம். "பாருங்க, குனியவே வேணாம்" என்று சர்ரென்று பிரித்தார், ஒட்டினார், பிரித்தார். ஞாயிறு வரை வீட்டுக்குள் போட்டுப் பழக்கப் போகிறாராம்.

தாளும் கொண்டு வந்திருந்தார். பளபளவென்று, மேலே கோபுரம் படம். முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது கோபுரம் மட்டும். லதாவை வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். சாக்ஸ் இருக்கிறது. நடை சாத்துவது இருக்கிறது. இட்லி, ஆட்டோ, பாலம் எல்லாம் இருக்கிறது. நடு நடுவே பல்லவர், சிற்பம், எந்த ராஜா எதைக் கட்டினான் என்று ச.அ.வின் பாடம்.

"கடைசியில என்ன எழுதியிருக்கு லதா, அந்தப் பெரிய எழுத்துல?"

லதா தொண்டையைச் செருமினாள். "அது… அம்மா பேர், அத்தை. எழுதினவங்க பேரு போடுவாங்க இல்ல."

"நான் சொன்னது?"

"உள்ளூர் பாட்டி ஒருத்தங்க சொன்னதுன்னு போட்டிருக்கு."

உள்ளூர் பாட்டி ஒருத்தி. பெயர் இல்லாதவள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாதிரி.

ச.அ. சொன்னார், "சாக்ஸ் யோசனை ரொம்ப நல்லா இருந்துச்சு சம்பந்தி. எனக்குத் தோணவே இல்ல."

காபியில் சர்க்கரை குறைத்துப் போட்டேன். அவர் அதையும் நல்லா இருக்கு என்று குடித்தார்.

பிப்ரவரி 5, வியாழன்

ராஜகீழ்ப்பாக்கம் மார்க்கெட். கத்தரிக்காய் சொத்தை. அவரை பரவாயில்லை.

வீட்டில் யாரும் இல்லை, அதனால் நன்றாகவே நடந்து போனேன். ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் தயாளன் பார்த்துவிட்டார். "இன்னா ஆயா, முந்தாநாளு நொண்டிகினு போன, இன்னிக்கு ரேஸ் வுடுற?"

"பேத்தி வைத்தியம்பா."

"என் மாமியாருக்கும் கால் பேஜார் பண்ணிகினு கீது. பாப்பாவாண்ட இட்டாரவா?"

வா என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல.

சாயந்திரம் நிவி வந்ததும் நொண்டினேன். அவள் பையைக் கூட இறக்கவில்லை. "ஆயா, ஞாயித்துக்கிழமை வலது கால். இப்ப இடது கால்ல நொண்டுற."

"இறங்கிடுச்சு போல."

"வலி இறங்கும் ஆயா. பக்கத்து காலுக்குப் போகாது."

சிரிக்கவில்லை. கவலையாகப் பார்த்தாள். இரண்டு காலுக்கும் சேர்த்துத் துண்டு. மாநாடு முடிந்ததும் எக்ஸ்ரே எடுக்கணுமாம். குழந்தை முகம் வாடிப் போய்விட்டது. பொறாமை ஒரு பக்கம், இந்த முகம் ஒரு பக்கம். நேரே சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அப்போது போன் அடித்தது. "சொல்லுங்க பாட்டி. ஆமா பாட்டி, ஆறு மணிக்கு வேன். ஜன்னல் சீட் உங்களுக்குத்தான்."

ஜன்னல் சீட்.

சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

மாநாடு இன்று தொடங்கிவிட்டது. நிவி என் மாம்பழக் கலர் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். என்னுடையது. ச.அ.வுடையது இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

நாளை இரவு அங்கே விருந்து. வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நொண்டுவது வலது கால் என்று முடிவு பண்ணிவிட்டேன். மறக்காமலிருக்க வலது கையில் கூடுதலாக ஒரு வளையல் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

காலை பனி, பகல் வெயில்.

விருந்து ஹால் முழுக்க டாக்டர்கள். வட்ட மேசைகள். ச.அ. போன உடனே ஒரு மேசையைப் பிடித்துவிட்டார், இங்கிலீஷில் பல்லவர் காலம் நடத்துகிறார், அவரைச் சுற்றி ஒரே கூட்டம். காலில் அந்த சாம்பல் செருப்பு, பட்டுப் புடவைக்கு. நான் மூலையில், புடவைக்குள் முட்டிப் பட்டையோடு, குலாப் ஜாமூனோடு.

நிவி ஒரு அம்மாவைக் கூட்டி வந்தாள். பினாங்கு டாக்டர், தமிழ்க்காரர். "இது எங்க ஆயா. காஞ்சிபுரம்தான் பொறந்த ஊர்" என்றாள். ஆயா என்றதும் பால்வாடி ஆயா என்று நினைத்துவிடப் போகிறாரே என்று, "அப்பாவைப் பெத்தவ" என்று சேர்த்துக்கொண்டேன்.

பினாங்கம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பேப்பர்ல இல்லாத ஒண்ணு சொல்லுங்களேன், ஆயா. எல்லாருக்கும் தெரிஞ்சது வேணாம்."

கேட்டாரே ஒரு கேள்வி.

"குடை" என்றேன். "எங்க ஊர்ல பெருமாள் வீதிக்கு வந்தா குடைதான் அழகு. ஆளைவிட உசரம். சும்மா பிடிச்சிட்டு வரமாட்டாங்க. மேளம் ஏற ஏறக் குடையும் ஏறும், இறங்கும், ஆடும்."

"எப்படி ஆடும்?"

வாயால் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. கையால் காட்டினேன். போதவில்லை. அந்தப் பக்கம் பல்லவர் மேசையிலிருந்து சிரிப்புச் சத்தம். பேனர் கட்டிய கம்பு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்தேன். அவ்வளவுதான் எனக்கு நினைவு இருக்கிறது. இரண்டு கையால் கம்பைத் தூக்கி, முட்டி மடக்கி இறங்கி, ஒரு எழும்பல், அரை வட்டம், மறுபடி இறங்கி, மறுபடி எழும்பல். வாயிலேயே மேளம். எங்கள் தெரு ஆட்கள் எப்படிச் செய்வார்களோ அப்படியே.

ஹால் அமைதியாகிவிட்டது. பார்த்தால் எல்லார் கண்ணும் என் மேல். முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியைப் பார்க்கிறார்கள். ஊரில் உள்ள முட்டி டாக்டரெல்லாம் ஒரே அறையில். தாடி வைத்த டெல்லிக்காரர் ஒருவர் குந்தி உட்கார்ந்து என் காலைப் போனில் படம் பிடிக்கிறார். ஏதோ சொன்னார். பினாங்கம்மா எனக்குத் தமிழில் சொன்னார், "இந்த வயசுல இப்படி இறங்கி எழுந்திரிக்கிறத பாத்ததே இல்லையாம். ரெண்டு முட்டியும் முதல் தரம்னு சொல்றாரு."

எல்லாரும் கை தட்டினார்கள். முட்டிப் பட்டை நழுவிக் கணுக்காலில் வந்து நின்றது.

நிவி "ஆயா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். லதா தலையைக் குனிந்து ஐஸ்கிரீமைக் கிண்டினாள்.

ச.அ. எழுந்து வந்தார். மெதுவாக. "முட்டி நல்லாயிடுச்சு போல."

"நீங்க குடுத்த பட்டைதான்" என்றேன்.

என் கணுக்காலில் கிடந்த பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கு ஒன்று பிடிபட்ட மாதிரி. பிறகு சொன்னார், "அப்ப நாளைக்கு நீங்களே போயிட்டு வாங்க சம்பந்தி. உங்க ஊரு. எனக்கும் அலைச்சல் ஒத்துக்காது."

சொல்லிவிட்டு நின்றார். காத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் முறைப்படி பேசுகிறார், எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. நான் சொல்ல வேண்டியதும் தெரியும். ஐயோ, அதெப்படி, நீங்கதான் போகணும்.

"சரி" என்றேன்.

அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். பட்டையை ஒரு தடவை பிரித்து, ஒட்டினார். "சரி" என்று அவரும் சொன்னார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காஞ்சிபுரம் போய்வந்தேன். ஜன்னல் சீட்.

பனி, பெருங்களத்தூர் தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. நிவி என் பக்கத்தில். கோபம் இல்லை என்றாள், ஆனால் பேச்சு குறைவு. பிறகு தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வேனில் எனக்கு வேண்டியிருந்தது அதுதான். கிடைத்துவிட்டது. எழுதி வைக்கிறேன்.

கைலாசநாதர் கோவில். எல்லாரும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். தாடிக்காரர் ஒரு சுவரைக் காட்டிக் கேட்டார். நிவி தமிழில், "இது எந்த ராஜா கட்டினது, ஏன் இத்தனை சிங்கம்னு கேக்குறாரு ஆயா."

"பழைய ராஜா" என்றேன்.

சின்ன வயசில் இங்கே வந்து கும்பிட்டிருக்கிறேன், திருநீறு வாங்கியிருக்கிறேன். சிங்கத்திடம் விசாரித்ததில்லை.

இன்னும் இரண்டு கேள்வி வந்தது. நிவிக்கும் தெரியவில்லை. எல்லார் முகத்திலும் மரியாதையான ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. போனை எடுத்து ச.அ.வைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருப்பார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார். போட்டேன். நானே போட்டேன்.

கோவிலம்பாக்கத்தில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு அத்தனை பேருக்கும் வகுப்பு எடுத்தார். நடுவில் எனக்குத் தமிழில், "சம்பந்தி, அவங்கள இடது பக்கம் கூட்டிட்டுப் போங்க. சின்னச் சின்ன மாடமா வரிசையா வரும். ஒண்ணு ரெண்டுல பழைய வர்ணம் இன்னும் ஒட்டிட்டு இருக்கும், குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க." கூட்டிப் போனேன். இருந்தது. சிவப்பும் பச்சையுமாக. எல்லாரும் ஆ என்றார்கள், போனைப் பார்த்து. போட்டோ எடுக்கும்போது என்னை நடுவில் நிறுத்தி, போனை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். படத்தில் நான் போன் ஸ்டாண்டு.

ஒவ்வொரு கோவிலிலும் இப்படியே. சீட் என்னுடையது, வந்தது அவர்.

ஒரு திருப்தி. சாக்ஸ் கொண்டு வந்தது பினாங்கம்மா மட்டும். பதினொரு மணிக்கு மேல் தாடிக்காரர் வரதர் கோவிலில் நிழலுக்கு நிழல் தாவினார். "உள்ளூர் பாட்டி சொன்னாங்கல்ல, படிக்கலியா?" என்று பினாங்கம்மா கேட்டார், தமிழில், எனக்குக் கேட்கட்டும் என்று. "அந்தப் பாட்டி நான்தான்" என்றேன். நிவி அதை இங்கிலீஷில் எல்லாருக்கும் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

சாக்ஸ் சொன்ன நானும் சாக்ஸ் கொண்டு போகவில்லை. நாள் முழுக்க வெறுங்கால்.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். பால்காரர் வந்தார்.

படுக்கையிலிருந்து எழும்போது வலது முட்டியில் சுருக். நிஜம். கீழே கால் ஊன்றினால் உயிர் போகிறது. பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். லதா பார்த்தாள், "என்ன அத்தை, இன்னிக்கு எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி அடுப்படிக்குப் போனாள். நிவி வெறும் பார்வை பார்த்தாள், காலேஜுக்குக் கிளம்பிவிட்டாள். எக்ஸ்ரே பேச்சே இல்லை.

ஸ்டூலில் கால் நீட்டி, முட்டிப் பட்டையை இழுத்துப் போட்டேன். நல்ல பட்டை. கதகதப்பாக, யாரோ கை வைத்துப் பிடித்த மாதிரி.

பத்து மணிக்கு ச.அ. போன். டெல்லிக்காரர் நன்றி சொல்லி அவருக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறாராம். எனக்கு அனுப்பவில்லை. அப்புறம், "சம்பந்தி, அந்த முட்டிப் பட்டை உங்களுக்கு இனிமே தேவைப்படாதில்ல? நிவிகிட்ட குடுத்து அனுப்புறீங்களா. அது இல்லாம எனக்குப் படி இறங்க முடியல."

அவருக்கு நிஜமாகவே வலி இருந்திருக்கிறது. அத்தனை நாளும் படிக்கட்டில் அது இல்லாமல் இறங்கியிருக்கிறார்.

"எனக்கெதுக்கு. இன்னிக்கே அனுப்புறேன்" என்றேன்.

"அவசரமில்ல, உங்களுக்கு வேணும்னா வச்சிக்குங்க."

"ஐயோ, வேணாங்க."

"நிஜமாத்தான் சொல்றேன், வச்சிக்குங்க."

இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை சொல்வாரா என்று காதோடு போனை அழுத்திக்கொண்டு பார்த்தேன்.

"சரி, அப்ப அனுப்பிடுங்க" என்றார்.

நிவி ஐந்து மணிக்கு வருவாள். அதுவரை போட்டிருக்கிறேன்.